கண் வீங்கிப் பிதுங்கினால்: கண்குழித் தொற்று பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண் மருத்துவப் பிரிவில் வேலை பார்ப்பதால் இமை வீங்கிய பிள்ளைகளையும் பெரியவர்களையும் வாரம் தவறாமல் பார்க்கிறேன். அவர்களில் பெரும்பாலானோருக்குக் கண்கட்டி, பூச்சிக்கடி, ஒவ்வாமை என்று ஏதாவது ஒன்றுதான் இருக்கும். மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எப்போதாவது ஒருவருக்கு வீக்கம் இமையோடு நிற்காமல் கண்குழிக்குள் இறங்கியிருக்கும். அவர் அன்று ராத்திரியே மருத்துவமனையில் சேர்கிறாரா, ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறாரா என்பதில்தான் அந்தக் கண்ணின் பார்வை இருக்கிறது. புறநோயாளிப் பிரிவிலும் வார்டிலும் சொந்தக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கண்குழித் தொற்று என்றால் என்ன? இமை வீக்கத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

முழி உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழிதான் கண்குழி. ஏழு எலும்புகள் சேர்ந்து அமைந்தது. ஒரு பெரியவருக்கு அதன் கொள்ளளவு ஏறத்தாழ 30 மில்லி; அதில் முழி எடுத்துக்கொள்வது 7 மில்லிதான். மீதி இடத்தில் கொழுப்பு, முழியை அசைக்கும் தசைகள், ரத்தக் குழாய்கள், பார்வை நரம்பு எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. சுற்றிலும் எலும்பு, முன்பக்கம் மட்டும் திறப்பு. உள்ளே வீக்கமோ சீழோ சேர்ந்தால் முழி முன்னால் தள்ளப்படும். அதற்கு மேலும் இடமில்லை என்றால் அழுத்தம் முழுவதும் நரம்பின் மேலும் ரத்தக் குழாய்களின் மேலும் விழும்.

கண்குழி எலும்பின் விளிம்பிலிருந்து இமைக்குள் ஒரு மெல்லிய சவ்வு இறங்கித் தடுப்பாக நிற்கிறது. தொற்று அந்தத் தடுப்புக்கு முன்னால் இருந்தால் அது இமைத் தொற்று. சீட்டில் ‘ப்ரீசெப்டல் செல்லுலைட்டிஸ்’ என்று எழுதியிருக்கும். தடுப்பைத் தாண்டிப் பின்னால் போய்விட்டால் ‘ஆர்பிட்டல் செல்லுலைட்டிஸ்’. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரி சிவந்து உப்பியிருக்கும். முதலாவது பெரும்பாலும் மாத்திரையில் சரியாகிவிடும். இரண்டாவதற்கு மருத்துவமனையில் சேர்ந்தே ஆக வேண்டும்.

வீட்டில் இருந்தபடியே எப்படித் தெரிந்துகொள்வது?

இமையைத் திறந்து முழியைப் பார்க்க வேண்டும். பலரும் இதைத்தான் செய்வதில்லை. வீக்கத்தைப் பார்க்கிறார்கள், தொட்டுப் பார்க்கிறார்கள், போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்புகிறார்கள். உள்ளே முழி எப்படி இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

பிள்ளையை மடியில் படுக்கவைத்து ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கட்டைவிரலைப் புருவ எலும்பின் மேல் வைத்து, மேல் இமைத் தோலை மெதுவாக மேல்நோக்கி இழுக்க வேண்டும். முழியின் மேல் விரல் அழுத்தக் கூடாது. பூளை ஒட்டியிருந்தால் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டுத் திறக்கலாம். அடிபட்ட கண், ஏதாவது குத்திய கண் என்றால் மட்டும் வீட்டில் திறக்க முயலவே வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இமை எவ்வளவு வீங்கியிருந்தாலும் உள்ளே வெள்ளை விழி வெள்ளையாக இருக்கிறது, முழி நாலு பக்கமும் வலியில்லாமல் சுழல்கிறது, பார்வை தெளிவாக இருக்கிறது என்றால் தொற்று அநேகமாக இமையோடு நிற்கிறது. அன்றே டாக்டரைப் பார்த்துவிட்டால் போதும்.

முழியை அசைத்தால் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னாலோ, ஒரு பக்கம் முழி போகாமல் நின்றாலோ, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ அது வேறு விஷயம். வெள்ளை விழியின் மேல்சவ்வு நீர்கோத்து இமை விளிம்புக்கு வெளியே தள்ளிக்கொண்டு நிற்பதும் அப்படித்தான். முழி பிதுங்கியிருக்கிறதா என்று நேருக்கு நேர் பார்த்தால் சரியாகத் தெரியாது. பிள்ளையின் தலைக்குப் பின்னால் நின்று, நெற்றிக்கு மேலிருந்து கீழே பாருங்கள். எந்தக் கண் முன்னால் வந்திருக்கிறது என்று உடனே தெரியும்.

பார்வையைச் சோதிக்க இன்னும் எளிய வழி உண்டு. பாப்பாவை, அதாவது கருவிழியின் நடுவில் தெரியும் கறுப்பு வட்டத்தை, விரியவைக்கும் சொட்டு மருந்துப் புட்டிக்கு மூடி சிவப்பாக இருக்கும். வார்டில் அதையே எடுத்து ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் காட்டுவோம். நல்ல கண்ணுக்குப் பளிச்சென்று சிவப்பாகத் தெரியும் மூடி, நரம்பு அழுத்தப்பட்ட கண்ணுக்கு வெளிறிப்போய்த் தெரியும். எழுத்துகளைச் சரியாகப் படிக்கும் நோயாளிகூட ‘இந்தக் கண்ணில் கலர் கம்மியா இருக்கு’ என்று சொல்லிவிடுவார். வீட்டில் எந்தச் சிவப்புப் பொருளை வைத்தும் இதைச் செய்யலாம். பேசத் தெரியாத கைக்குழந்தை என்றால் நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். கையைத் தட்டிவிட்டு அழுதால் வீங்கிய கண்ணில் பார்வை குறைந்திருக்க வாய்ப்பு உண்டு.

காய்ச்சல் இல்லை. அப்படியானால் பயப்பட வேண்டாமா?

காய்ச்சலை வைத்து முடிவெடுக்காதீர்கள். பாராசிட்டமால் கொடுத்திருந்தால் காய்ச்சல் தெரியாது. சர்க்கரை நோயாளிகளுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் காய்ச்சல் வராமலே தொற்று பரவும். அதே மாதிரி, இமைத் தொற்று மட்டும் உள்ள பிள்ளைக்கு 102 டிகிரி அடிப்பதும் உண்டு. முழியின் அசைவும் பார்வையும் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

மூக்கில் சளி பிடித்ததற்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

நெருங்கிய சம்பந்தம். கண்குழித் தொற்றுக்கு முதல் காரணமே சைனஸ், அதாவது மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளில் வரும் தொற்றுதான். கண்குழிக்கு மேலே நெற்றி சைனஸ், கீழே கன்ன சைனஸ், மூக்குப் பக்கம் எத்மாய்டு சைனஸ் என்று மூன்று பக்கமும் சைனஸ் அறைகள் சூழ்ந்திருக்கின்றன. எத்மாய்டு சைனஸையும் கண்குழியையும் பிரிக்கும் எலும்பு அரை மில்லிமீட்டர்கூட இல்லை; கேலண்டர் தாள் போன்றது. அதிலும் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் போய்வரச் சின்னச் சின்னத் துளைகள் உண்டு. சைனஸில் சீழ் கட்டினால் அந்த வழியாகக் கண்குழிக்குள் கசிந்துவிடும். போதாக்குறைக்கு, இந்தப் பகுதியில் உள்ள ரத்தநாளங்களில் ஒருவழியாக மட்டும் ரத்தத்தை அனுப்பும் தடுக்கிதழ்கள் சரியாக இல்லாததால் கிருமி எந்தப் பக்கமும் போகலாம்.

பிள்ளைகளுக்கு இது அதிகம் வருவதற்கும் காரணம் இதுவே. எத்மாய்டு சைனஸ் பிறக்கும்போதே இருக்கிறது. நெற்றி சைனஸ் பள்ளி செல்லும் வயதில்தான் வளரத் தொடங்கும். அதனால் பதின்ம வயதினரிடம் தொற்று மேலிருந்து இறங்குவதையும் பார்க்கிறோம். ஒரு வாரமாகச் சளி, மூக்கடைப்பு, பிறகு திடீரென ஒரு கண் மட்டும் வீக்கம் என்று யாராவது சொன்னால் எங்களுக்குக் காது நிமிர்ந்துவிடும்.

சைனஸ் தவிர வேறு வழிகளும் உண்டு. மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்து, கன்ன சைனஸ் வழியாக ஏறும். கண்ணின் உள்மூலையில் இருக்கும் கண்ணீர்ப் பை சீழ்பிடித்து உடையும். கீழே விழுந்து அடிபட்டு, குச்சியோ முள்ளோ இமைக்குள் ஒடிந்து தங்கிவிடும். வெளிக்காயம் ஆறியிருக்கும், உள்ளே மரத்துண்டு இருக்கும். தென்னை ஈர்க்கு, கருவேல முள் குத்திய பிள்ளைகளை இந்த விஷயத்தில் எளிதாக விட்டுவிடக் கூடாது. மூக்கின் மேலும் மேலுதட்டிலும் வரும் பருவைக் கிள்ளுவதும் ஆபத்துதான்.

இதைத் தடுக்க ஊசி உண்டா?

ஒரு பகுதிக்கு உண்டு. ஒரு காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கண்குழித் தொற்றை உண்டாக்கியதில் ‘ஹிப்’ என்று சுருக்கமாகச் சொல்லும் ஹீமோபிலஸ் கிருமிக்குப் பெரிய பங்கு இருந்தது. தடுப்பூசி வந்த நாடுகளில் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. இந்தியாவில் ஹிப் தடுப்பும் சேர்ந்த பென்டாவேலன்ட் ஊசியை அரசுத் திட்டத்தில் முதலில் தொடங்கியது தமிழ்நாடும் கேரளமும்தான், 2011 டிசம்பரில். 6, 10, 14 வாரங்களில் போடுகிறார்கள். நிமோகாக்கஸ் கிருமிக்கான ஊசியும் இப்போது அரசு அட்டவணையில் இருக்கிறது. இவை எல்லாம் போட்டிருந்தாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் மீதம் இருக்கின்றன. அவற்றால்தான் இன்று அதிகம் வருகிறது. ஆகவே ஊசி போட்ட பிள்ளைக்கு வராது என்று அசட்டையாக இருக்க முடியாது. ஆனாலும் ஊசியைத் தவறவிடாதீர்கள்.

மெட்ராஸ் ஐ என்று நினைத்துவிட்டோம். எப்படிப் பிரித்தறிவது?

மெட்ராஸ் ஐயில் கண் சிவக்கும், உறுத்தும், பூளை தள்ளும், பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கி அடுத்த கண்ணுக்கும் வரும், வீட்டில் வேறு யாருக்காவது இருக்கும். முழி பிதுங்காது, அசைவு குறையாது. கண்கட்டி என்றால் இமை விளிம்பில் ஒரே இடத்தில் வலிக்கும் முடிச்சு தெரியும்.

யாருக்காவது தொற்றிக்கொள்ளுமா?

கண்குழித் தொற்று ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. பிள்ளைக்குப் பக்கத்தில் தாராளமாக இருங்கள்.

தாய்ப்பால் விடலாமா? நந்தியாவட்டைச் சாறு? ஒத்தடம்?

பாட்டிமார் அக்கறையோடுதான் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தொற்று இருப்பது முழிக்குப் பின்னால். மேலே எதை விட்டாலும் அங்கே போய்ச் சேராது. இலைச் சாறும் பூச்சாறும் கிருமியோடு சேர்ந்து கருவிழியில் வேறு புண்ணை உண்டாக்கும். ஒத்தடத்தால் பெரிய கெடுதல் இல்லை என்றாலும் ‘ஒத்தடம் கொடுத்துப் பார்ப்போம்’ என்று ஒரு நாள் போய்விடும். அந்த ஒரு நாள்தான் விலை அதிகம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் மாத்திரையும். அவற்றில் பல ஸ்டீராய்டு கலந்தவை. போட்ட அன்று சிவப்பு குறையும், வலி குறையும், வீட்டார் நிம்மதியடைவார்கள். உள்ளே தொற்று வளர்ந்துகொண்டிருக்கும்.

எந்த மருத்துவமனைக்குப் போவது?

கண் டாக்டர், காது மூக்கு தொண்டை டாக்டர், சி.டி. ஸ்கேன் மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் அதுவே நல்ல இடம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இவை இருக்கின்றன. ராத்திரி என்றால் அவசரப் பிரிவுக்கே போங்கள். புறநோயாளிச் சீட்டுக்காகக் காலைவரை காத்திருக்க வேண்டாம். 108-ஐ இதற்குக் கூப்பிடலாம்.

அங்கே போனதும் ‘கண் வீங்கியிருக்கு’ என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்காரச் சொல்வார்கள். ‘முழி பிதுங்கியிருக்கு, அசைக்க முடியலை, பார்வை மங்குது’ என்று எது உண்மையோ அதைச் சொல்லுங்கள். சர்க்கரை இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் வழியில் எதுவும் சாப்பிடக் கொடுக்க வேண்டாம்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

பார்வை, நிறம், பாப்பாவின் வெளிச்ச எதிர்வினை, முழியின் அசைவு, பிதுக்கத்தின் அளவு இவற்றைக் குறித்துக்கொள்வார்கள். ரத்தம் எடுப்பார்கள், கிருமி வளர்த்துப் பார்க்கவும் ஒரு பகுதி போகும். கையில் ஊசி ஏற்றி ரத்தநாளம் வழியாக ஆன்டிபயாடிக் தொடங்கிவிடுவார்கள். செஃப்ட்ரியாக்சோன், வான்கோமைசின் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். பல் அல்லது மூளை சம்பந்தப்பட்டிருக்கும் என்று தோன்றினால் மெட்ரோனிடசோலும் சேரும். கிருமியின் பெயர் தெரியும்வரை காத்திருப்பதில்லை, ஏனென்றால் அந்த முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும்.

பிறகு சி.டி. ஸ்கேன். ‘இத்தனை சின்னப் பிள்ளைக்குக் கதிர்வீச்சா?’ என்று பெற்றோர் தயங்குவது நியாயம்தான். பிள்ளைகளுக்கு அளவைக் குறைத்துத்தான் எடுக்கிறார்கள். சீழ் எங்கே கட்டியிருக்கிறது, எவ்வளவு பெரியது, சைனஸ் நிலைமை என்ன என்பதெல்லாம் அதில்தான் தெரியும். மூளைப் பக்கம் சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ.யும் தேவைப்படும்.

ராத்திரி சில மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸோ டாக்டரோ வந்து பிள்ளையை எழுப்பி டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். ‘இப்பத்தான் தூங்குச்சு, விடுங்களேன்’ என்று அம்மாக்கள் கெஞ்சுவார்கள். அந்த ஒரு நிமிடத்தை மறுக்காதீர்கள். சாயங்காலம் நன்றாகத் தெரிந்த கண் விடிவதற்குள் மங்கிவிடக்கூடிய நோய் இது. டார்ச் வெளிச்சத்தில் பாப்பா சுருங்குவதில் ஏற்படும் தளர்ச்சிதான் பல நேரம் முதல் எச்சரிக்கை.

மாத்திரை போதாதா? ஊசிதான் போட வேண்டுமா?

தொடக்கத்தில் ஊசிதான். கண்குழிக்குள் வேண்டிய அளவு மருந்து வேகமாகச் சேர வேண்டும். காய்ச்சல் நின்று, முழி நன்றாக அசையத் தொடங்கிய பிறகு மாத்திரைக்கு மாற்றுவார்கள். மொத்தமாக இரண்டு மூன்று வாரம் ஆகும், எலும்பிலோ மூளையிலோ பரவியிருந்தால் இன்னும் அதிகம்.

மருந்து தொடங்கியும் வீக்கம் கூடியிருக்கிறதே?

முதல் 24 மணி நேரத்தில் இமை வீக்கம் கொஞ்சம் கூடலாம். அதற்காக மட்டும் பதற வேண்டாம். பார்வை குறைவது, முழி மேலும் பிதுங்குவது, 48 மணி நேரம் ஆகியும் காய்ச்சல் விடாமல் இருப்பது இவைதான் கவலைப்பட வேண்டியவை.

ஆபரேஷன் எப்போது தேவைப்படும்?

1970-இல் சாண்ட்லர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் வகுத்த ஐந்து படிகளை இன்றும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். முதலில் இமை வீக்கம். அடுத்தது கண்குழிக்குள் தொற்று. மூன்றாவது எலும்புக்கும் அதன் மேலுறைக்கும் இடையில் சீழ்க்கட்டி. நான்காவது கண்குழிக் கொழுப்புக்குள்ளேயே சீழ்க்கட்டி. ஐந்தாவது மூளையின் அடியில் உள்ள ரத்தநாளத்தில் உறைவு. நோய் இதே வரிசையில்தான் நடக்கும் என்று கட்டாயம் இல்லை, ஒரு படியை விட்டு அடுத்ததற்குத் தாவலாம்.

மூன்றாம் படியில் எல்லாரையும் அறுக்க வேண்டியதில்லை. 9 வயதுக்கு உட்பட்ட பிள்ளை, மூக்குப் பக்கம் சின்னக் கட்டி, பார்வை நன்றாக இருக்கிறது என்றால் ஊசி மருந்திலேயே கரைந்துவிடுவதைப் பல தடவை பார்க்கிறோம். வயது கூடக்கூட ஒரே கட்டியில் பல கிருமிகள், அதிலும் காற்றில்லாமல் வளரும் கிருமிகள் சேர்ந்திருக்கும். அவர்களுக்கு மருந்து மட்டும் போதுவதில்லை. பார்வை குறைந்தால், கட்டி பெரிதாக இருந்தால், நெற்றி சைனஸோ பல்லோ காரணம் என்றால், இரண்டு நாளில் முன்னேற்றம் இல்லை என்றால் சீழை வெளியேற்றத்தான் வேண்டும். இப்போது பெரும்பாலும் மூக்கு வழியாக எண்டோஸ்கோப் விட்டுச் சைனஸைத் திறந்து சீழை எடுத்துவிடுகிறார்கள். முகத்தில் தழும்பு விழாது. மேல்பக்கமோ வெளிப்பக்கமோ இருக்கும் கட்டிக்கு இமை மடிப்பில் கீறுவார்கள். அந்தத் தழும்பும் மடிப்போடு மறைந்துவிடும்.

பார்வை ஏன் போகிறது? போனால் திரும்ப வருமா?

பார்வை நரம்பு கண்குழிக்குள் ஏறத்தாழ 25 மி.மீ. நீளம் ஓடுகிறது. முழியின் பின்பக்கத்திலிருந்து கண்குழியின் நுனிவரை உள்ள தூரம் 18 மி.மீ. அளவுதான். அதாவது நரம்பு கொஞ்சம் தளர்வாக வளைந்து கிடக்கிறது. முழி லேசாக முன்னால் வந்தால் அந்தத் தளர்வு தாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் பிதுங்கினால் நரம்பு விறைத்து இழுபடும். ஸ்கேனில் முழியின் பின்பக்கம் உருண்டையாக இல்லாமல் கூம்பாக நீண்டிருக்கும். அதைப் பார்த்தாலே அவசரம் என்று தெரிந்துவிடும்.

இன்னொரு பக்கம், உள்ளே கூடும் அழுத்தம் விழித்திரைக்கும் நரம்புக்கும் போகும் ரத்தத்தை நிறுத்துகிறது. ரத்தம் முழுவதும் நின்றுபோனால் விழித்திரை ஒன்றரை மணி நேரம் அளவுக்குத்தான் தாக்குப்பிடிக்கும். அப்படிப்பட்ட நிலையில் ஸ்கேனுக்குக்கூடக் காத்திருக்காமல், கண்ணின் வெளிமூலையில் மரத்துப்போகும் ஊசி போட்டு, இமை இணையும் இடத்தைக் கத்தரித்து, கீழ் இமையைப் பிடித்திருக்கும் தசைநாரையும் வெட்டிவிடுவார்கள். பார்க்கும் உறவினருக்குப் பயங்கரமாக இருக்கும். ஆனால் முழி முன்னால் வர இடம் கிடைக்கிறது, அழுத்தம் இறங்குகிறது, சில நிமிட வேலைதான். வெட்டியதைப் பிறகு தைத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

நரம்பு நெருக்கப்பட்டு மங்கிய பார்வை சீக்கிரம் அழுத்தம் குறைந்தால் பெருமளவு திரும்புகிறது. ரத்த ஓட்டம் நின்று போன பார்வை திரும்புவது அபூர்வம். பொய்யான நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை, அதனால் வார்டிலும் இதை இப்படியேதான் சொல்கிறேன்.

மூளைக்குப் போகுமா? உயிருக்கு ஆபத்தா?

போகலாம். ஆன்டிபயாடிக் வருவதற்கு முன்பு கண்குழித் தொற்று வந்தவர்களில் ஆறில் ஒருவர் அளவுக்கு மூளைக்காய்ச்சலில் இறந்தார்கள். பிழைத்தவர்களிலும் ஐந்தில் ஒருவருக்குப் பார்வை போனது. இன்று நேரத்தோடு வந்தால் பெரும்பாலோர் முழுசாகக் குணமாகி வீட்டுக்குப் போகிறார்கள். தாமதமானவர்களுக்கு மூளைக்காய்ச்சல், மூளை உறைகளுக்கு இடையில் சீழ், மூளையிலேயே சீழ்க்கட்டி ஆகியவை வரும்.

அதிகம் பயப்பட வேண்டியது காவர்னஸ் சைனஸ் என்ற ரத்தநாளத்தில் ஏற்படும் உறைவு. மூக்கு சைனஸோடு இதற்குச் சம்பந்தமில்லை. பிட்யூட்டரி சுரப்பிக்கு இருபுறமும் உள்ள ரத்தத் தேக்கம் இது. மூளைக்குப் போகும் முக்கியத் தமனியும், முழியை அசைக்கும் மூன்று நரம்புகளும், நெற்றிக்கும் கன்னத்துக்கும் உணர்ச்சி தரும் நரம்புகளும் இதன் வழியாகவோ பக்கச்சுவரிலோதான் போகின்றன. கண்குழி ரத்தம் வடிவதும் இதில்தான். உறைவு வந்தால் முதலில் பெரும்பாலும் முழியை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாம் நரம்பு செயலிழக்கும். பிறகு இமை தொங்கும், நெற்றி மரத்துப்போகும், தாங்க முடியாத தலைவலி வரும். இரண்டு பக்கத் தேக்கங்களும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் ஓரிரு நாளில் மற்றக் கண்ணும் வீங்கும். ஒரு கண்ணில் தொடங்கிய வீக்கம் அடுத்த கண்ணுக்கும் வந்து, கூடவே தலைவலியும் வாந்தியும் மந்தமும் இருந்தால் ஐ.சி.யு. வேண்டும். நல்ல சிகிச்சை கிடைத்தும் இதில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு இன்றும் உயிரிழக்கிறார்கள்.

பதின்ம வயதுப் பிள்ளைக்குக் கண் வீக்கத்தோடு நெற்றியில் மெத்தென்ற புடைப்பு வந்தால், நெற்றி எலும்பே சீழ்பிடித்திருக்கிறது என்று பொருள். அதற்குப் பின்னால் மூளை உறை. காத்திருக்கக் கூடாது.

அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை 400-க்கு மேல். கன்னம் மரத்துப்போய் இமை தொங்குகிறது. இதுவும் அதே நோயா?

இதை வேறு நோயாகவே நினைத்து இப்போதே கிளம்புங்கள். மியூகார்மைகோசிஸ், 2021-இல் எல்லாரும் கேள்விப்பட்ட கரும்பூஞ்சை நோய், இப்படித்தான் தொடங்கும். காற்றிலும் மண்ணிலும் அழுகும் பொருள்களிலும் சாதாரணமாக இருக்கும் பூஞ்சை அது. உடல் நலமாக இருப்பவரை ஒன்றும் செய்யாது. சர்க்கரை கட்டுமீறி ரத்தத்தில் அமிலம் கூடும்போது, இரும்புச்சத்து எளிதில் கிடைக்கிறது, வெள்ளணுக்களும் மந்தமாகிவிடுகின்றன. பூஞ்சை வளர அது போதும். மூக்கில் தொடங்கி, ரத்தக் குழாய்ச் சுவரைத் துளைத்து உள்ளே போய் அடைத்துவிடும். ரத்தம் கிடைக்காத திசு செத்துக் கறுக்கும். அந்தக் கறுப்பு தெரிவதற்கு முன்பே பிடிக்க வேண்டும்.

கோவிட் இரண்டாம் அலையில் இது என்ன செய்தது என்று நாம் பார்த்தோம். 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு இதை, யாருக்கு வந்தாலும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. ஜூன் இறுதியில் மத்திய சுகாதாரத் துறை சொன்ன கணக்குப்படி நாடு முழுவதும் 40,845 பேருக்கு வந்திருந்தது, 3,129 பேர் இறந்திருந்தார்கள். வந்தவர்களில் 64 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. பாதிப் பேருக்கு மேல் ஸ்டீராய்டு எடுத்திருந்தார்கள். கோவிட் அலை ஓய்ந்தாலும் நோய் ஓயவில்லை. அதற்கு முன்பும் சர்க்கரை நோயாளிகளுக்கு வந்துகொண்டுதான் இருந்தது, இன்றும் வருகிறது.

ஒரு பக்கக் கன்னத்தில் வலி அல்லது மரத்துப்போதல், மூக்கில் கறுத்த அல்லது ரத்தம் கலந்த சளி, மேல்வரிசைப் பல் காரணமில்லாமல் ஆடுதல், இமை தொங்குதல், இரட்டைப் பார்வை, திடீரெனப் பார்வை போதல் இவற்றைக் கவனியுங்கள். டார்ச் அடித்து வாயின் மேலண்ணத்தைப் பாருங்கள். அங்கே கறுத்தோ வெளுத்தோ திட்டு இருந்தால் தாமதிக்காதீர்கள். சாதாரணத் தொற்றில் கண் சிவந்து கொதிக்கும். இதில் முழி கல்லாக நின்றும் கண் அவ்வளவாகச் சிவக்காமல் இருக்கும், அதனாலேயே ஏமாந்துவிடுகிறோம்.

மூக்கிலிருந்து எடுத்த திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சில மணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள். ஆம்ஃபோடெரிசின் மருந்தை வாரக்கணக்கில் ஏற்ற வேண்டும். அது சிறுநீரகத்தையும் பொட்டாசிய அளவையும் பாதிக்கும் என்பதால் ரத்தம் அடிக்கடி எடுப்பார்கள். பிறகு போசகோனசோல் மாத்திரை மாதக்கணக்கில். மருந்து மட்டும் போதாது, ரத்த ஓட்டம் இல்லாத செத்த திசுவுக்குள் எந்த மருந்தும் போகாது. அதை அறுத்து எடுத்தே ஆக வேண்டும். சர்க்கரையையும் இன்சுலின் போட்டு உடனே இறக்க வேண்டும்.

கண்ணையே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லும் நாள், எந்தக் குடும்பத்துக்கும் மிகக் கொடிய நாள். கண்குழி முழுவதும் செத்துப்போய், பூஞ்சை மூளையை நோக்கிப் போகும்போதுதான் அதைச் சொல்கிறார்கள். எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை, தொடக்கத்தில் வந்தவர்களில் சிலருக்குக் கண்ணுக்குப் பின்னால் ஊசி போட்டே காப்பாற்றுகிறார்கள். எடுத்த பிறகு செயற்கை முகப்பகுதி பொருத்தலாம். ‘கண் போனால் உயிர் எதற்கு’ என்று கையெழுத்துப் போட மறுப்பவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். மறுகண் இருக்கிறது, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தொற்றே இல்லாமல் இப்படி வீங்குமா?

வீங்கும். தைராய்டு நோயில் இரண்டு கண்ணும் பிதுங்கலாம். கண்குழியில் காரணம் தெரியாத அழற்சி வரலாம். பிள்ளைகளிடம் மறக்கக் கூடாதவை இரண்டு: வேகமாக வளரும் தசைப் புற்றுநோய், விழித்திரைப் புற்றுநோய். இரண்டுமே தொற்று மாதிரி வேடம் போட்டு வரும். பிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் பாப்பா வெள்ளையாகத் தெரிந்திருந்தால் அந்தப் போட்டோவை டாக்டரிடம் காட்டுங்கள். ஆன்டிபயாடிக்குக்கு அசையாத வீக்கம் என்றால் நாங்களும் இந்தப் பக்கம் யோசிக்கத் தொடங்குவோம்.

வீட்டுக்கு வந்த பிறகு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

வீக்கம் வற்றிவிட்டது என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். நிறுத்தியவர்களுக்குத்தான் சீழ் மறுபடி கட்டுகிறது. சைனஸ் காரணமென்றால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுவதும், பல் காரணமென்றால் பல்லைச் சரிசெய்வதும் இன்னும் பாக்கி இருக்கிறது. இரட்டைப் பார்வை சில வாரம் நீடிக்கலாம். ஒரு கண்ணை மாற்றி மாற்றி மூடிக்கொண்டு சமாளிக்கலாம், வண்டி ஓட்டக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு இமை பல நாள் மூடியே இருந்திருந்தால் அந்தக் கண் சோம்பிப்போகலாம் என்பதால் ஒரு மாதத்தில் பார்வைச் சோதனை செய்ய வேண்டும்.

காய்ச்சல், தலைவலி, வாந்தி, மறுபடி பிதுக்கம் இவற்றில் எது வந்தாலும் அடுத்த வருகைத் தேதிக்குக் காத்திருக்காமல் வந்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் ஸ்கேன் பிலிமையும் கையோடு கொண்டுவாருங்கள். முன்பு கட்டி எங்கே இருந்தது என்று பார்த்தால்தான் இப்போது புதிதா பழையதா என்று சொல்ல முடியும்.